பேராக் ஆற்றங்கரையில் நடந்து பார்க்கலாம்: கோலகங்சாரில் மாணவர்களுக்கேற்ற எளிய நடைவழிகள்

‘நான் சென்று வந்த சுற்றுலா’ என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். பேருந்து காலை எட்டு மணிக்குப் புறப்படும். இயற்கைக் காட்சிகள் கண்களைக் கொள்ளை கொள்ளும். மதிய உணவு மிகச் சுவையாக இருக்கும். களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புவார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும், அதே கட்டுரை லங்காவிக்கும் பொருந்தும், கேமரன் மலைக்கும் பொருந்தும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பேருந்தை விட்டு இறங்கி, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தால் எழுதுவதற்கு அவ்வளவுதான் மிஞ்சும்.

நடந்தால் கதை வேறு. காலுக்குக் கீழே மண் இருக்கிறதா தார் இருக்கிறதா என்று தெரியும். எங்கே மேடு, எங்கே நிழல் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். முக்கியமாக, “இது என்ன டீச்சர்?” என்று கேட்க நேரம் இருக்கும். அந்தக் கேள்விக்குத் தமிழில் ஒரு சொல் கொடுத்துவிட்டால் கட்டுரைக்கு வேண்டியது தானாகச் சேரும்.

இதற்கு ஏற்ற ஊர் எது என்று சக ஆசிரியர்கள் கேட்கும்போது நான் சொல்வது கோலகங்சார். ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலையிலும் வரலாம், ரயிலிலும் வரலாம். பேராக்கின் அரச நகரம் என்றாலும் சின்ன ஊர். பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடக்கும் தூரத்தில். நிலம் ஏறக்குறைய சமதளம், ஒரே ஒரு இடத்தில்தான் சிறிய ஏற்றம். நான்காம் ஆண்டு மாணவரிலிருந்து முட்டி வலிக்கிற ஆசிரியர் வரை யாரும் நடக்கலாம். அதோடு, நம் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்ததற்குக் காரணமான ஒன்று இந்த ஊரில்தான் வேலிக்குள் நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆற்றங்கரைக்குப் போவோம்.

ஆற்றோரமாக அரை மணி நேரம்

படகுத்துறைப் பக்கம் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆற்றை ஒட்டி நடைபாதை போகிறது. ஏற்ற இறக்கம் இல்லை. பெரியவர்கள் கால் மணியில் முடித்துவிடுவார்கள், மாணவர்களோடு போனால் அரை மணி ஆகும். ஆகட்டும், அவசரம் என்ன?

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள். மலாய்மொழியில் ‘கோலா’ என்றால் ஓர் ஆறு கடலிலோ இன்னோர் ஆற்றிலோ போய்ச் சேரும் இடம். கங்சார் ஆறு பேராக் ஆற்றில் கலக்கும் இடம் கோலகங்சார். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடம் கோலாலம்பூர். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும், “அப்படியா டீச்சர்!” என்பார்கள். அப்போதே கேட்டுவிடுங்கள்: இரண்டு ஆறு சேரும் இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்? ‘சங்கமம்’ என்று யாராவது சொல்வார். ‘கூடல்’, ‘கூடுதுறை’ என்ற சொற்களை நீங்கள் கொடுங்கள். தமிழ்நாட்டில் பவானி ஆறும் காவிரியும் சேரும் இடத்தை இன்றும் கூடுதுறை என்றுதான் அழைக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் தலைநகரமே ஒரு கூடுதுறைதான்.

‘கங்சார்’ என்ற பெயருக்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. பேராக் ஆற்றில் வந்து சேரும் கிளையாறுகளை எண்ணிக்கொண்டு வந்தார்களாம், இது தொண்ணூற்று ஒன்பதாவதாம். நூற்றுக்கு ஒன்று குறைவு என்பதை மலாயில் ‘கூராங் சா’ என்று தொடங்கிச் சொல்லி, அது கங்சார் ஆகிவிட்டதாம். கதையாகவே சொல்லுங்கள். நம்ம ஊர்ப் பெயர்களுக்கும் இப்படிக் கதைகள் உண்டே என்று பிள்ளைகளே ஆரம்பித்துவிடுவார்கள்.

பேராக் ஆறு தீபகற்ப மலேசியாவில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு, சுமார் 400 கிலோமீட்டர். வடக்கே மலைக்காட்டில் பிறந்து, தெற்கே ஓடி, பாகான் டத்தோ பக்கம் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேளுங்கள். பாதிப்பேர் தவறாகக் காட்டுவார்கள், ஏனென்றால் இந்த ஆறு சத்தம் போடாமல் ஓடும். மிதந்து வரும் இலை ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டு விளக்குக்கம்பங்களுக்கு நடுவே அது கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணச் சொன்னால் கணித ஆசிரியருக்கும் மகிழ்ச்சி.

தமிழ் ஆசிரியருக்கு இங்கே கிடைக்கும் பெரிய லாபம் ர-ற வேறுபாடு. வகுப்பில் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் ஒட்டாத ஒன்று. இக்கரையில் நின்றுகொண்டு அக்கரையைக் கை காட்டுங்கள். இது கரை. சட்டையில் பட்டால் கறை. எதிரே தெரிவது அக்கரை. உங்கள்மேல் எனக்கு இருப்பது அக்கறை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே நான்கையும் ஒரு முறை வாய்விட்டுச் சொன்ன பிள்ளை பிறகு அவ்வளவு எளிதில் மாற்றி எழுதாது. கூடவே துறை, நீரோட்டம், சுழல், மணல்திட்டு, படுகை, கரையோரம் என்று கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே போங்கள். ஓர் ஏட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1926இலும் 1967இலும் இந்த ஆறு பெருவெள்ளமாகப் பெருகி ஊருக்குள் வந்தது. மேலே, ஆற்றின் குறுக்கே, 1930இலிருந்து மின்சாரம் தரும் சென்டெரோ அணை இருக்கிறது. அணை உள்ள ஆற்றில் மழை இல்லாத நாளிலும் நீர்மட்டம் மாறலாம். ஆகவே தடுப்புக்கம்பியைத் தாண்டி யாரும் இறங்கக்கூடாது, “காலை மட்டும் நனைச்சுக்கிறேன் சார்” என்பதும் கூடாது. இதில் இளக்கம் காட்டாதீர்கள்.

வேலிக்குள் நிற்கும் மரம்

ஆற்றங்கரையை விட்டு ஊருக்குள் திரும்பினால் கடைவீதி, மணிக்கூண்டு, பிறகு பழைய அரசாங்கக் கட்டடங்கள் இருக்கும் பகுதி. கடைவீதியில் நடக்கும்போது சின்ன விளையாட்டு ஒன்று வைக்கலாம். பெயர்ப்பலகைகளில் ‘கெடாய்’ என்ற மலாய்ச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். கடைசியில்தான் உண்மையைச் சொல்ல வேண்டும்: அது நம்முடைய ‘கடை’. கப்பல், கட்டில், பெட்டி, மாம்பழம் எல்லாமே இப்படி மலாய்க்குள் போய்க் குடியேறிய தமிழ்ச் சொற்கள்தான். அதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

மாவட்ட அலுவலகத்துக்கு அருகில்தான் நான் சொன்ன மரம். வேலி, ஒரு பலகை, உள்ளே ஒரு முதிய ரப்பர் மரம். பலகையைப் படிக்காவிட்டால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். “சும்மா ஒரு மரம்தானே டீச்சர்?” என்று கேட்பவர் கட்டாயம் இருப்பார். அவருக்காகத்தான் இந்த நடையே.

கதையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ரப்பர் நம் நாட்டு மரம் இல்லை, தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பதவியேற்றவர் ஹியூ லோ, செடிகொடிகள்மேல் பெரிய பைத்தியம் உள்ளவர். கினபாலு மலையின் மிக உயர்ந்த உச்சியை ‘லோ சிகரம்’ என்கிறோமே, அந்த லோ இவர்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளில் சிலவற்றை இவர் கோலகங்சாரில் தம் குடியிருப்புத் தோட்டத்தில் நட்டார். வேலிக்குள் நிற்பது அந்த முதல் நடவில் எஞ்சிய மரம்.

நட்டதும் எல்லாரும் ஓடிவந்து ரப்பர் பயிரிடவில்லை என்பதையும் சொல்லுங்கள். அப்போது தோட்ட முதலாளிகளின் கண் காப்பியின் மேல் இருந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். யாரைப் பார்த்தாலும் ரப்பர் நடுங்கள் என்று விதையை நீட்டுவார் என்பதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிகத்துக்காகப் பயிரிடத் தொடங்கினார். பிறகு காப்பி விலை விழுந்தது, உலகத்தில் மோட்டார் வண்டி பெருகியது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. காடு அழிந்து தோட்டமானது. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்றுதான் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் வந்து இறங்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் மாணவரில் பலருக்கு இது வீட்டுக் கதை. ஆனால் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் நாளே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிடுவது நல்லது. தாத்தா, பாட்டி, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவர், யாரிடமாவது போய்த் தோட்டத்துச் சொற்கள் ஐந்து கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ‘பெரட்டு’ என்றால் என்ன என்று ஆறாம் ஆண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “பரோட்டாவா டீச்சர்?” என்று பதில் வரும். விடிவதற்கு முன்னால் தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. ஒருவர் வெட்ட வேண்டிய மரங்களின் வரிசை நிரை, பேச்சில் நெரை. பால் வடியும் கிண்ணம் மங்கு. வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். வரிசை வீடுகள் லயம். கணக்கு எழுதுபவர் கிராணி. இவற்றில் பாதிக்கு மேல் நம் பாடநூலில் கிடையாது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். சொற்கள் மட்டும் எழுபது எண்பது வயதுக்காரர்கள் வாயில் இருக்கின்றன. இன்னும் பத்து வருடம் கழித்து இந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

மரத்தடியில் அந்தச் சொற்களை ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு விளக்கம் வந்தால் இன்னும் நல்லது, இரண்டையும் குறித்து வையுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் பேச்சு கொஞ்சம் மாறும்.

ஒரு வேண்டுகோள். இதைப் பரிதாபப் பாடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பட்டபாடு உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பால்வெட்டு ஒரு கைத்தொழில். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும், ஆழம் போய் மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். ஆழம் குறைந்தால் பால் வராது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டினார்கள். இதை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் பிசகாமல் செய்தவர் என் பாட்டி என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்தக் கட்டுரைக்கு வேறு இயற்கைக் காட்சி தேவைப்படாது.

மரத்தையும் மறக்காமல் பாருங்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். காய்க்கும் பருவமாக இருந்தால் மூன்று பிரிவுள்ள காய். அது காய்ந்து ‘டப்’பென்று வெடித்துப் புள்ளிபோட்ட கொட்டைகளை வீசும். கீழே கிடந்தால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கல்லில் தேய்த்துக் கையில் வைத்துச் சூடு போடும் விளையாட்டை யாராவது ஒரு சார் கட்டாயம் செய்து காட்டுவார்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்டடங்கள். 1905இல் தொடங்கிய மலாய்க் கல்லூரியின் வெள்ளைத் தூண்களையும் பெரிய திடலையும் வெளியிலிருந்து பார்க்கலாம். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி பர்ஜஸ் 1950களின் நடுவில் இங்கே ஆசிரியராக இருந்தார். இந்த ஊரையே வேறு பெயரில் தம் முதல் மலாயா நாவலில் எழுதினார். ஊரைப் பார்த்து எழுதும் ஆசை ஆசிரியர்களுக்கும் வரலாம் என்பதற்காகச் சொன்னேன். திடலை ஒட்டி மூன்று அடுக்குக் கூண்டு போன்ற கட்டடம் ஒன்று நிற்கும். அரச குடும்பத்தினர் போலோ ஆட்டம் பார்க்க 1930இல் கட்டியது. 1897இல் மலாய் ஆட்சியாளர்களின் முதல் மாநாடு நடந்ததும் இதே ஊரில்தான். வரலாற்றுப் பாடம் எடுப்பவர் உடன் வந்தால் அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

மேட்டுக்கு ஏறும் வழி

புக்கிட் சண்டான் அரண்மனைக் குன்று. ஊர் மையத்திலிருந்து ஆற்றை ஒட்டிய சாலையில் போய் மெல்ல ஏற வேண்டும். பெரியவர்களுக்கு நடக்கும் தூரம்தான், ஆனால் காலை வெயிலில் சிறு பிள்ளைகளை அதுவரை நடத்திக் களைக்க வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பேருந்தில் பள்ளிவாசல் அருகே போய் இறங்கிக்கொண்டு, மேலே மட்டும் ஒரு சுற்று நடக்கலாம். நிழல் உண்டு, வண்டிப் போக்குவரத்தும் ஊருக்குள் இருப்பதைவிடக் குறைவு.

உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம் தூரத்திலேயே தெரியும். சுல்தான் இட்ரிஸ் கட்டத் தொடங்கியது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹபக், கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வரைந்தவரும் அவரே. கட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு அரச யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டனவாம். மறுபடி கல் வரவழைக்கலாம் என்றால் முதல் உலகப்போர். ஒருவழியாக 1917இல் முடிந்தது, அதற்குள் சுல்தான் இட்ரிஸ் காலமாகிவிட்டார். யானைக் கதையை மட்டும் எந்த மாணவரும் மறந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே போவதென்றால் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள். உடையில் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமையையும் தொழுகை நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பது அரச குடும்பத்தின் அடக்கத்தலம், அங்கே ஓடிப்பிடித்து விளையாடக்கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடலாம்.

சற்றுத் தள்ளி இஸ்தானா கெனாங்கான். மரத்தால் ஆன அரண்மனை. சுல்தான் இஸ்கண்டாருக்காக 1926இல் கட்டினார்கள். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை, வரைபடமும் இல்லை என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் உறையிலிட்ட வாள் வடிவம். சுவர்கள் மூங்கில் பின்னல், அதில் மஞ்சள், கறுப்பு, வெள்ளை. இந்த மூன்றும் பேராக் கொடியின் நிறங்கள், அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கே விடுங்கள். ‘பின்னுதல்’, ‘முடைதல்’, ‘நெய்தல்’ மூன்றுக்கும் வேறுபாடு கேளுங்கள். சடை பின்னுவோம், கூடை முடைவோம், துணி நெய்வோம். சுவரை என்ன செய்வது? இதற்கு வகுப்பில் நல்ல வாக்குவாதம் நடக்கும். தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

1933இல் கட்டி முடித்த இஸ்தானா இஸ்கண்டாரியா அருகிலேயே இருக்கிறது. சுல்தானின் அரண்மனை, வாயிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அக்கரையில் ஒரு பானை

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங். முன்பெல்லாம் படகுதான் வழி, இப்போது பாலம் இருக்கிறது. படகு ஓடும் நாளா, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அங்கி கிடைக்குமா என்று முன்பே விசாரித்து வையுங்கள். இரண்டில் ஒன்றுக்குச் சந்தேகம் இருந்தாலும் பேருந்தில் பாலம் வழியாகப் போய்விடுங்கள். கம்போங்கின் உள்சாலைகளில் மரநிழலில் நடக்கலாம். வீடுகளை ஒட்டியே மண்பாண்டப் பட்டறைகள்.

இங்கே செய்வது ‘லாபு சாயோங்’. லாபு என்றால் மலாயில் பூசணி, சுரை வகை. கறுப்பு நிறத்தில், அடி பருத்து, கழுத்து ஒடுங்கி, அப்படியே ஒரு சுரைக்குடுவை. தண்ணீர் ஊற்றி வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, அதனால் உள்ளே இருப்பது குளிர்கிறது. நம் வீட்டு மண்பானையின் அறிவியலும் இதுதான். அறிவியல் பாடத்தில் ‘ஆவியாதல்’ படித்த பிள்ளைக்கு இங்கே தொட்டுப் பார்க்கக் கிடைக்கும்.

கறுப்பு எப்படி வந்தது என்று கேட்டால் ‘பெயிண்ட்’ என்பார்கள். பெயிண்ட் கிடையாது. சூளையில் சுட்ட பானையைச் சூடு ஆறுவதற்கு முன் உமிக்குள் புதைத்துவிடுகிறார்கள். உமி புகைந்து கருகி, அந்தக் கரி மண்ணில் ஏறிவிடுகிறது. உமிக்கும் தவிட்டுக்கும் வேறுபாடு தெரியாத தலைமுறை நம்முடையது, ஆசிரியர்களையும் சேர்த்துத்தான். ஒரு பிடி உமியைக் கையில் கொடுத்து, நெல்லின் மேல்தோல் இது, அதற்கு உள்ளே அரிசியை ஒட்டியிருப்பது தவிடு என்று சொன்னால் முடிந்தது. களிமண், பிசைதல், சூளை, குயவர், இவற்றோடு ‘வனைதல்’ என்ற சொல்லையும் கொடுங்கள். பானை ‘செய்தான்’ என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். இப்போது பல பட்டறைகளில் அச்சில் வார்த்தெடுக்கிறார்கள், கையால் வனைவது குறைவு. யாராவது வனைவதைப் பார்க்க வாய்த்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் ஒத்திவைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

நேரம் மிஞ்சினால்

ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் காராய். அங்கே பேராக் ஆற்றைக் கடக்கும் பழைய ரயில் பாலம், விக்டோரியா பாலம். 1897இல் தொடங்கி 1900இல் முடித்தார்கள். உயரமான செங்கல் தூண்கள், மேலே இரும்புச் சட்டங்கள். இரட்டைத் தண்டவாளத்துக்காகப் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு இதில் ரயில் ஓடுவதில்லை. ஓரத்து நடைபாதையில் அக்கரைக்கே நடந்து போகலாம். ஊர்க்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், ஒதுங்கி நிற்க வேண்டும். ஆறாம் ஆண்டுக்குக் கீழ் உள்ளவர்களை நான் பாலத்துக்கு மேலே ஏற்றமாட்டேன். கரையிலிருந்து பார்த்தாலே போதும். அந்தக் காலத்தில் மலாயாவின் ரயில் பாதை வேலையில் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். நிலையங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்தார்கள். ரப்பர் மரத்தடியில் தொடங்கிய பேச்சை இங்கே தொடரலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். அப்படிச் செய்தால் பழைய சுற்றுலாக் கட்டுரைதான் திரும்பி வரும். ஆற்றங்கரையும் மரமும் ஒரு காலைக்குச் சரியாக இருக்கும். மேடும் சாயோங்கும் இன்னொரு காலைக்கு. ஒரே காலைதான் வாய்க்கும் என்றால் என் தேர்வு ஆற்றங்கரை, மரம், சாயோங். மேட்டைப் பேருந்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

சில நடைமுறைக் குறிப்புகள். பெற்றோர் அனுமதிக் கடிதம், பள்ளி நிர்வாகமும் மாவட்டக் கல்வி அலுவலகமும் கேட்கும் பாரங்கள் எல்லாவற்றையும் நன்றாக முன்கூட்டியே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது. ஏழரைக்கு நடையைத் தொடங்கினால் பத்தரைக்குள் முடித்துவிடலாம், அதற்கு மேல் வெயில் தாங்காது. ஆண்டு இறுதி மழைக்காலத்தில் ஆற்றங்கரைத் திட்டம் வேண்டாம். ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு சின்ன ஏடு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், வியர்வையில் மை கலங்கிவிடும். கைப்பேசி ஆசிரியரிடம் மட்டும். ஒவ்வொருவர் கையிலும் இருந்தால் எல்லாரும் படம்தான் எடுப்பார்கள், சொல் எடுக்க மாட்டார்கள்.

பசிக்கு ஆற்றங்கரைப் பக்கத்துக் கடைகளில் கோலகங்சார் லக்சா கிடைக்கும். மீன்குழம்பில் செய்வது, ஆகவே சைவப் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். சாப்பிடும்போது கட்டுரையைப் பற்றிப் பேசாதீர்கள். மறுநாள் வகுப்பில் ஏட்டைத் திறக்கச் சொல்லி, எழுதி வந்த சொற்களில் தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து அதைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ‘காலை எட்டு மணிக்குப் பேருந்து புறப்பட்டது’ என்று தொடங்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. ஒருவர் உமியைப் பற்றி எழுதுவார், ஒருவர் யானையைப் பற்றி. தாத்தாவிடம் கேட்டு வந்த சொற்களை மட்டும் தனியாக ஒரு தாளில் சேர்த்து, சொன்னவரின் தோட்டத்துப் பெயரோடு பள்ளிக் கோப்பில் வைத்துவிடுங்கள்.